புயலுக்குப் பின் மின்சாரமில்லா நாட்கள்

ஐப்பசியும் கார்த்திகையும் நம் மாநிலத்துக்கு உயிரூட்டும் மாதங்கள். ஏரி நிறைவதும், கிணறு ஊறுவதும், சம்பாப் பயிர் தழைப்பதும் அப்போது பெய்யும் வடகிழக்குப் பருவமழையினாலேயே. ஆயினும், அம்மழையைத் தருகின்ற வங்கக் கடலே புயலையும் தருகின்றது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய ‘தானே’, 2016 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையைத் தாக்கிய ‘வர்தா’, 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரி மாவட்டத்தை அலைக்கழித்த ‘ஒக்கி’, 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த ‘கஜா’ ஆகியவற்றை நம் மக்கள் இன்னும் மறந்துவிடவில்லை.

புயற்காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகின்றது. அது விட்டுச் செல்லும் மின்தடையோ அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. கஜாப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்பிவர வாரக்கணக்கில் ஆயிற்று. அத்தகைய நாட்களை ஒரு குடும்பமும் ஒரு பஞ்சாயத்தும் எவ்வாறு முன்னேற்பாட்டுடன் எதிர்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தாமதம் ஏன்?

மின்சாரம் நம் வீட்டுக்கு ஒரே கம்பியில் நேராக வந்துவிடுவதில்லை. உயர் அழுத்தப் பாதை வழியாகத் துணைமின் நிலையத்துக்கும், அங்கிருந்து ஊர் மின்மாற்றிக்கும், அதிலிருந்து தெருக் கம்பத்துக்கும் படிப்படியாக வந்து சேர்கின்றது. மேற்படி சீராகாமல் கீழ்ப்படியைச் சீராக்கிப் பயனில்லை. மருத்துவமனைகளையும் குடிநீர் நிலையங்களையும் முதலில் கவனிக்க வேண்டியிருப்பதும் நியாயமே. ஆகவே, கோடியிலுள்ள சிற்றூரும் தோட்டத்து மோட்டாரும் கடைசியாகவே ஒளி பெறுகின்றன. சேறு நிறைந்த வயல்களின் நடுவே கம்பத்தைத் தோளில் சுமந்து சென்று, குழி தோண்டி நடவேண்டிய நிலையில், மின்வாரியப் பணியாளர் இரவு பகலாக உழைத்தாலும் நாட்கள் செல்லத்தான் செய்யும். கஜாவின்போது அண்டை மாநிலங்களிலிருந்தும் பணியாளர்கள் வந்து உதவினர். அவ்வாறிருந்தும் காத்திருக்க நேர்ந்தது. ஆதலால், ‘நாளைக்கு வந்துவிடும்’ என்று எண்ணியிராமல், குடும்பம் ஒரு வாரத்துக்கும் பஞ்சாயத்து இரண்டு வாரத்துக்கும் ஆயத்தமாயிருப்பதே அறிவுடைமை.

முதலில் நிற்பது தண்ணீர்

மின்சாரம் நின்றால் வீடு இருண்டுவிடும் என்பதே நம் முதல் நினைவு. உண்மையில் நம்மை முதலில் வருத்துவது இருளன்று, தண்ணீரின்மையே. 1952ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தஞ்சை ஜில்லாவைப் பெரும்புயல் தாக்கியபோது, நம் கிராமங்களில் பெரும்பாலானவற்றை மின்கம்பி எட்டியிருக்கவில்லை. அன்று கூரை பறந்தது, மரம் வீழ்ந்தது, ஆயினும் கிணற்றில் ராட்டினமும் கயிறும் இருந்தன. மறுநாட் காலையில் தண்ணீர் இறைக்க எவர் துணையும் வேண்டியிருக்கவில்லை. இன்று ஊர்க் குடிநீர் ஆழ்துளைக் கிணற்றில், நூறடிக்கும் கீழே, நீர்மூழ்கி மோட்டாரை நம்பி நிற்கின்றது. மின்சாரம் நமக்குத் தந்துள்ள நன்மை பெரிது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் குடிநீர், விளக்கு, மருந்து, மாவரைத்தல், தொலைபேசி அனைத்தையும் ஒரே கம்பியில் நாம் தொங்கவிட்டிருக்கிறோம் என்பதை உணர வேண்டும். அக்கம்பி அறும் நாளுக்கு மாற்றுவழி ஒன்று வைத்திருப்பதே நாம் இங்கு வலியுறுத்துவது.

ஐந்து பேர் கொண்ட ஒரு குடியானவர் வீட்டை எடுத்துக்கொள்வோம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வேண்டுமெனில், ஐவருக்கு 25 லிட்டர். ஒரு வாரத்துக்கு 175 லிட்டர். நன்கு கழுவி, இறுக மூடத்தக்க 200 லிட்டர் பீப்பாய் ஒன்று இதற்குப் போதும். பூச்சிமருந்தோ எண்ணெயோ இருந்த பீப்பாயை எக்காரணம் கொண்டும் உபயோகிக்கலாகாது. தண்ணீரைக் கைவிட்டு மொள்ளாமல் குழாய் வழியாகவோ நீண்ட காம்புள்ள அகப்பையாலோ எடுக்க வேண்டும். மூடியில்லாத பாத்திரத்தில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதையும் மறத்தலாகாது. குளிக்கவும் துவைக்கவும் கழிப்பறைக்கும் வேண்டிய தண்ணீரை அண்டா, குடம், சிமெண்டுத் தொட்டி ஆகியவற்றில் தனியே நிரப்பி வைக்கலாம்.

தொட்டியும் கைப்பம்பும்

வீட்டுப் பீப்பாய் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். அதன்பின் பஞ்சாயத்துத் தொட்டியே கதி. புயல் எச்சரிக்கை வந்தவுடன் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் யாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். வீடுகள் தத்தம் பாத்திரங்களை நிரப்பிக்கொண்ட பின்னர் தொட்டியை மீண்டும் நிரப்பி, வெளியேறும் வால்வை மூடிவிட வேண்டும். பெருமரங்கள் வேரோடு சாயும்போது பூமியிலுள்ள குழாய்கள் உடைவதுண்டு. வால்வு திறந்திருந்தால், நிரப்பிய தண்ணீர் முழுவதும் ஒரே இரவில் வீணாகிவிடும்.

30,000 லிட்டர் கொள்ளும் தொட்டியைப் பார்ப்போம். 1,500 பேர் உள்ள ஊரில் அது ஒருவருக்கு 20 லிட்டர் ஆகின்றது. வால்வைக் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் மட்டும் திறந்து, முறைவைத்து வழங்கினால், அத்தண்ணீரே இரண்டு நாள் வரும். மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் ஏற்றக் கூடியதாயின், ஜெனரேட்டர் கொண்டு இரண்டரை மணி நேரத்தில் தொட்டியை மறுபடியும் நிரப்பிவிடலாம். ஆகவே, ஒரே ஜெனரேட்டர் ஒரு பகலில் மூன்று குக்கிராமங்களின் தொட்டிகளை நிரப்ப இயலும். கஜாவுக்குப் பின்னர்ப் பல ஊர்களில் இவ்வாறே தண்ணீர் ஏற்றினர். ஆனால் புயலடித்த பின் ஜெனரேட்டர் தேடிப் புறப்படுவது, தாகமெடுத்த பின் கிணறு வெட்டுவதை ஒக்கும். ஊரெல்லாம் அதனையே தேடும், வாடகையும் ஏறிவிடும். புரட்டாசி மாதத்திலேயே அண்டைப் பஞ்சாயத்துக்கள் கலந்து பேசி, எவரிடம் ஜெனரேட்டர் உள்ளது, என்ன வாடகை, எந்த முறையில் எந்த ஊருக்குச் செல்வது என்பவற்றை எழுத்தில் முடிவு செய்துகொள்வது நலம். மோட்டாரின் குதிரைத்திறனுக்கேற்ற ஜெனரேட்டர் எது என்பதை மின்பணியாளரிடம் கேட்டு, வேண்டிய இணைப்பையும் முன்கூட்டியே பொருத்தி வைக்க வேண்டும்.

ஊரிலுள்ள கைப்பம்புகளையும் இச்சமயத்தில் பார்வையிடுக. மின்மோட்டார் வந்த பின் கவனிப்பாரற்றுத் துருவேறிக் கிடக்கும் கைப்பம்பு எத்தனை! தேய்ந்துபோன தோல் வாசரை மாற்றி, சங்கிலிக்கு மசகிட்டு வைத்தால், மின்சாரமில்லா நாளில் அதுவே ஒரு தெருவைக் காக்கும். வீட்டில் திறந்த கிணறு உடையவர்கள் ராட்டினத்தையும் வாளியையும் கயிற்றையும் பழையன என்று தூக்கியெறிந்துவிடாதீர்கள்.

கிணற்று நீரைத் தூய்மை செய்தல்

புயல் மழைக்குப் பின் கிணற்று நீரில் சாக்கடை நீர் கலப்பது எளிது. வாந்திபேதியும் மஞ்சட்காமாலையும் இவ்வழியாகவே பரவுகின்றன. இதற்கு மலிவான மருந்து பிளீச்சிங் பவுடர். நல்ல தரமுள்ள தூளாயின், 1,000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் போதும்.

கிணற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்று கணக்கிடுவது கடினமன்று. வட்டக் கிணற்றின் குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14 ஆலும் பெருக்கி, 4 ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 3 மீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு வேண்டிய தூள் 70 கிராம். அதனை ஒரு வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பின்பு முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுக. அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் ஊற்றிக் கிணற்றினுள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே நீரை எடுக்கலாம். வெள்ளநீரே உட்புகுந்த கிணறாயின், இந்த அளவு போதாது. சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்வதும், குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதும் அவசியம். திறந்து கிடக்கும் தூள் நாளடைவில் வீரியம் இழக்கும்; ஆகையால் அதனை ஆண்டுதோறும் புதிதாக வாங்கி, ஈரம் படாமல் மூடிவைக்க வேண்டும்.

விளக்கும் அடுப்பும்

இன்வெர்ட்டர் உள்ள வீட்டார் தமக்குக் கவலையில்லை என்று எண்ணக்கூடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி மின்சாரம் உண்டு. சேதாரம் போகக் கைக்கு வருவது சுமார் 1,200 என்று கொள்ளலாம். ஒரு மின்விசிறியும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் தொடர்ந்து எரிந்தால், பதின்மூன்று மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். மாறாக, விசிறியை நிறுத்தி, இரவில் நான்கு மணி நேரம் ஒரே விளக்கை எரித்து, மற்ற நேரத்தில் இன்வெர்ட்டரையே அணைத்து வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சிக்கனமே இங்குச் சேமிப்பு.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பாட்டரி டார்ச்சு ஒன்றும், சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் விளக்கு ஒன்றும் இருத்தல் நலம். மெழுகுவத்தியும் சிம்னி விளக்கும் கூரை வீடுகளில் ஆபத்தானவை. அவற்றை ஏற்ற நேர்ந்தால், அகன்ற தட்டில் நீர் ஊற்றி அதன் நடுவே வைக்க வேண்டும். குழந்தைகளிடம் விட்டுவிட்டு உறங்கலாகாது. புயலுக்குப் பின் வளையிழந்த பாம்புகள் வீட்டோரம் ஒதுங்கும். ஆதலால் இரவில் கொல்லைப்புறம் செல்லும்போது கையில் டார்ச்சு கட்டாயம் இருக்கட்டும். கைப்பேசியை விளக்காக உபயோகித்து அதன் சார்ஜைத் தீர்த்துவிடக் கூடாது. டிராக்டர் வைத்திருப்போர், அதன் பாட்டரியிலிருந்து கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் சிறு சாதனம் வாங்கி வைத்தால் தெரு முழுவதற்கும் உதவும். கோபுரங்கள் செயலிழந்து கைப்பேசி ஊமையாகும் வேளையில், பாட்டரியால் இயங்கும் வானொலிப் பெட்டியே செய்தி தரும்.

மிக்சியும் கிரைண்டரும் ஓடாத நாட்களுக்கு அரிசி மாவு, மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி முதலியவற்றை முன்னரே அரைத்து வைக்கலாம். அவலும் பொரியரிசியும் சத்துமாவும் அடுப்பில்லாமலே பசியாற்றுவன. எரிவாயு உருளை தீர்ந்துபோகும் நிலையில் இருந்தால் மாற்றிக்கொள்க. காய்ந்த விறகு சிறிது மழைபடாத இடத்தில் இருக்கட்டும். வங்கி இயந்திரமும் கைப்பேசிப் பணப்பரிமாற்றமும் மின்சாரமின்றி நின்றுவிடும். எனவே, ஒரு வாரச் செலவுக்குச் சில்லறையாகப் பணம் வைத்திருத்தல் வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், பட்டா ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு வைப்பதும் நலம்.

மருந்து எவருக்கு வேண்டும்?

நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு முதலியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உண்போர் வீட்டில் இரண்டு வார மருந்து கையிருப்பு இருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் பலர், குளிர்பெட்டி நின்றவுடன் மருந்து கெட்டுவிட்டதென்று அஞ்சி எறிந்துவிடுகின்றனர், அது வேண்டாம். உபயோகத்திலுள்ள இன்சுலின் புட்டி, 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை பயன்படும். தம் மருந்துக்குரிய காலவரையை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்க. ஈரமணலில் ஒரு மண்பானையைப் பதித்து, மருந்தை நீர் புகாத டப்பாவிலிட்டு அதனுள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் சூடு குறைந்திருக்கும். பனிக்கட்டியின்மீது நேரே வைத்து உறையச் செய்தால் இன்சுலின் பயனற்றுப் போகும்.

கால்நடை

கறவைப்பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். வெயில் நாளில் இன்னும் மிகுதியாகும். வீட்டாருக்குச் சேமித்த நீரிலிருந்து அதற்குக் கொடுப்பது இயலாது. எனவே, கால்நடைத் தொட்டியை முன்னரே நிரப்புவதும், அருகிலுள்ள குளத்தின் படித்துறையை ஒழுங்கு செய்து வைப்பதும் பஞ்சாயத்தின் கடமை. வைக்கோற்போரைத் தார்ப்பாயால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுக. புயல் வரும் இரவில் மாடுகளைக் கட்டுத்தறியில் பிணைத்து வைத்தல் ஆகாது. அவிழ்த்துவிட்டால் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.

அறுந்த கம்பியும் திரும்பிவரும் மின்சாரமும்

புயலில் பிழைத்தவர் புயலுக்குப் பின் மின்சாரத்தால் மடிவது மிகவும் வருந்தத்தக்கது. விழுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லையென்று எவரும் தாமாக முடிவு செய்யலாகாது. ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் அது பரவி நிற்கும். பத்து மீட்டருக்கு இப்பால் நின்று, குச்சி நட்டுக் கயிறு கட்டி, பிள்ளைகளும் மாடுகளும் அணுகாமல் காவல் வைத்து, மின்வாரியத்தின் ‘மின்னகம்’ தொலைபேசி 94987 94987க்கோ, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077க்கோ தெரிவிக்க வேண்டும். கம்பிமேல் சாய்ந்த தென்னையை மின்வாரியப் பணியாளர் வருமுன் வெட்டத் துணியலாகாது.

ஜெனரேட்டர் வைத்திருப்போர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அதன் புகையில் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உண்டு. வீட்டினுள்ளோ திண்ணையிலோ ஓட்டினால் உறங்குவோர் உறக்கத்திலேயே இறப்பர். இரண்டாவது, அதனை வீட்டு மின்பாதையில் நேரே இணைத்தால், மின்சாரம் பின்னோக்கிச் சென்று மின்மாற்றியை அடைந்து, கம்பத்தின்மேல் நமக்காகப் பாடுபடும் தொழிலாளியைக் கொன்றுவிடும். மின்வாரியப் பாதையை முற்றிலும் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்சு இன்றி அவ்வாறு இணைப்பது பெருங்குற்றம்.

மின்தடை ஏற்பட்டதும் மெயின் சுவிட்சை அணைத்து வைக்க வேண்டும். நனைந்த சுவர், மீட்டர்ப் பலகை, தோட்டத்து ஸ்டார்ட்டர் ஆகியவை நன்கு உலர்ந்து, மின்பணியாளர் பார்வையிட்ட பின்னரே அதனைப் போடுக. மும்முனை மின்சாரம் சில வேளை இரு முனைகளில் மட்டும் வந்து சேரும். அப்போது மோட்டாரை ஓட்டினால் காயில் கருகிவிடும். மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் ஓடிச்சென்று ஸ்டார்ட்டரைப் போடும் விவசாயி, மோட்டாரை இழந்து பயிரையும் வாடவிட நேரும்.

கிராம சபையில் செய்யவேண்டியது

வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை பெரும்பாலும் இரண்டு நாட்களுக்கு முன்னரே நமக்குக் கிடைத்துவிடுகின்றது. பீப்பாயை நிரப்ப அது போதும். கைப்பம்பைப் பழுதுபார்க்கவும், ஜெனரேட்டருக்கு ஏற்பாடு செய்யவும் போதாது. அக்டோபர் 2ஆம் நாள் காந்தி ஜயந்தியன்று கூடும் கிராம சபை, பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னர் அமைகின்றது. அன்றைய கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொள்வது மிகவும் பொருத்தம். தொட்டி இயக்குபவர் எவர், அவர் இல்லாதபோது வால்வைத் திறப்பவர் எவர், கைப்பம்புகள் எத்தனை ஓடுகின்றன, பிளீச்சிங் பவுடர் எங்கே இருக்கின்றது, ஜெனரேட்டர் எங்கிருந்து வரும் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் விடையெழுதிப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இன்னும் ஒரு பட்டியல் வேண்டும். படுக்கையிலுள்ள முதியோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள தாய்மார், இன்சுலினை நம்பியிருப்போர், துணையின்றித் தனித்து வாழ்வோர் ஆகியோரின் வீடுகளை ஒவ்வொரு வார்டு அங்கத்தினரும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் அண்டை வீட்டார் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வசதியுள்ள வீட்டில் பீப்பாயும் இன்வெர்ட்டரும் இருக்கும். ஒரே குடத்தோடு வாழும் கிழவிக்கு அவ்விரண்டும் இல்லை. அவருடைய பீப்பாய் பஞ்சாயத்துத்தான். மின்தடையின் முதல் நாள் முறைத் தண்ணீர் அவர் வாசலுக்கு முதலில் சென்று சேருமானால், அந்த ஊர் எந்தப் புயலையும் தாங்கும்.